நீலம் எனக்கு

என் மச்சானுக்குக் கூண்டுச் சண்டையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று ஆறு மாதமாகத் தொலைபேசியில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். விம்பிள்டன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களையும் விடவில்லை. அவன் என் மனைவியின் அண்ணன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, அதனால் வாடா போடா தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நாங்கள் இருவரும் வீட்டில் சண்டை பார்ப்போம். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கம்பிக் கூண்டுக்குள் நடக்கும் சண்டை. அமெரிக்காவில் சனி இரவு நடப்பது இங்கே விடியப்புறம் வந்துவிடும். நாங்கள் காலை பத்து மணிக்குத் திரும்பப் போடுவதைத்தான் பார்ப்போம். அதுவரை முடிவை யாரும் போனில் பார்க்கக்கூடாது. கடைசிச் சண்டைக்கு ஒரு பெற், அதாவது பந்தயம், பிடிப்போம். காசு வைத்தால் இரண்டு பேருக்கும் சோறில்லை என்று மனைவி சொல்லிவிட்டதால், தோற்றவன் டூட்டிங் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து குழம்பு வைக்கவேண்டும்.

இதற்கிடையில் எனக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் பாவம் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கோ அது அறவே பிடிக்காது. தண்ணீர் எடுத்துத் தரட்டோ என்று கேட்ட மனைவியிடமே எரிந்து விழுந்தேன்.

“கால் சுகமாகுமட்டும் மீனை நான் வாங்கிக்கொண்டு வாறன்,” என்றான் மச்சான்.

“நான் என்ன பிச்சைக்காரனே? வெண்டு சாப்பிடுறன்.”

“சரி, வெல்லு பாப்பம். ஆனா ஆளை நான்தான் முதல் தெரிவுசெய்வன்.”

அன்றிலிருந்து அவன் தோற்றுக்கொண்டே இருந்தான். கூண்டில் ஒருவனுக்குச் சிவப்பு மூலை, மற்றவனுக்கு நீல மூலை. மச்சான் சிவப்பு என்பான், நீலம் வெல்லும். நீலம் என்பான், சிவப்பு வெல்லும். அவன் விட்ட ஆளைத்தான் நான் எடுத்தேன், ஆனாலும் பெருமை முழுக்க எனக்கு. கழுத்தைப் பார்த்தே வெல்லும் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று அளந்தேன். அவன் பேசாமல் டூட்டிங் போய் விளைமீன் வாங்கி வருவான். நான் கதிரையில் சாய்ந்து ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழும்ப, குழம்பு மணக்கும்.

ஒரு ஞாயிறு, கடைசிச் சண்டை தொடங்கும் நேரம் தேத்தண்ணி கேட்டேன்.

“இரு, இது கெதியா முடிஞ்சிடும்,” என்றான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் தெரிவுசெய்த ஆள் மல்லாந்து கிடந்தான். சண்டை கெதியாக முடியும் என்று இவனுக்கு எப்படி முன்பே தெரியும்? சனி இரவில் மச்சானுக்குப் பெற்றோல் அடிக்கும் செற்றில் வேலை. அங்கே இருந்தபடியே போனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறான், கள்ளன்! ஆனால் எந்தக் கள்ளனடாப்பா தோற்பதற்காகக் களவு செய்வான்? அந்தக் கேள்வியோடேயே அன்று குழம்பைச் சாப்பிட்டு முடித்தேன். கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது.

அடுத்த ஞாயிறு அவன் வருமுன்னர் நானும் போனைப் பார்த்துவிட்டேன். சிவப்பு வென்றிருந்தது. அவன் வந்து இருந்ததும் முந்திக்கொண்டேன்.

“நீலம் எனக்கு.”

அவன் முகம் மாறியது. “முதல் தெரிவுசெய்யிறது நானெல்லே? நீலம் என்ரை.”

“ஏலாது. இண்டைக்கு நான்தான்.”

“விசரே உனக்கு? உந்தக் காலோடை எப்பிடியடா டூட்டிங் போவாய்?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சண்டை இன்னும் தொடங்கவே இல்லை.

“அதுக்காகத்தானே இவ்வளவு நாளும் தோத்தனி?” என்றேன். அவன் ரிமோட்டை எடுத்துச் சண்டையைப் போட்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சிவப்பு வென்றது. நான் ஊன்றுகோலை எடுத்தேன்.

“காரிலை கொண்டுபோய் விடட்டே?”

“பெற்றிலை கார் இல்லை.”

பஸ்ஸில் போய் வர இரண்டு மணி நேரமாயிற்று. படியில் ஏறும்போது முழங்கால் உயிரை வாங்கியது. கதவைத் திறந்தால், என் கதிரையில் மச்சான் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவன். ஆறு மாதமாக நான் அந்தக் கதிரையில் தூங்க, அவன் கண் மூடாமல் மீன் வெட்டியிருக்கிறான். மடையன் நான், அதை ஒருநாளும் யோசிக்கவே இல்லை.

குழம்பு கொதிக்கும்வரை அவனை எழுப்பவில்லை. பிறகு எழும்பி வந்து ஒரு வாய் வைத்தான்.

“உப்புக் காணாது,” என்றான்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு என்னிடம் ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. போடா விசரா என்று உப்புப் போத்தலை அவன் பக்கம் தள்ளினேன்.