நாலு விரற்கடை நீண்ட மெத்தை

சூசைரட்ணத்துக்குக் கரவன் பைத்தியம். இதை நான் அவனுடைய முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஹொல்ம்லியாவில் மூன்று அறை வீடு, சுடுதண்ணி, நல்ல கட்டில் எல்லாம் இருக்க, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற ஒரு தகரப் பெட்டியை வாங்கி, அதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு படுக்கிற மனிதனை வேறு என்னவென்று சொல்வது? அவன் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தருவான். நான் கரவனுக்கு வெளியே நாற்காலி போட்டு இருந்து குடிப்பேன். உள்ளே போனால் எனக்கு மூச்சு முட்டும்.

ஆளின் ஊர் பேசாலை. நானும் அவனும் நோர்வேக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். பிறகு நான் பஸ் ஓட்டப் போனேன், அவன் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பதினாலு வருஷமாக மறதி நோய்க்காரரின் பகுதியில்தான் வேலை. பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துபோனவர்களுக்குச் சோறு தீத்தி, தலை வாரி இழுத்து, பாட்டும் படித்துக் காட்டுவான். பொறுமைசாலி. அந்தப் பொறுமையில் கால்வாசியை மனைவி மரியரஞ்சனியிடம் காட்டினால் அவள் ஏன் சண்டை பிடிக்கப் போகிறாள்?

கரவனைக் குளிர்காலத்துக்கு அடைப்பதும் கோடைக்குத் திறப்பதும் அவனுக்கு இரண்டு பெருநாள்கள் மாதிரி. ஒக்ரோபரில் மெத்தை, திரைச்சீலை, சட்டி பானை, மாதா படம் என்று ஒரு துரும்பு விடாமல் வீட்டுக்கு இறக்கிவிடுவான், எலி கடிக்கும், ஈரம் பிடிக்கும் என்று. வெறும் பெட்டியைக் கொண்டுபோய், என்பாக் பக்கம் ஒட்வார் என்கிற கிழவரின் வைக்கோல் கொட்டிலில் விட்டுவிட்டு, ஓடாத வண்டிக்கு எதற்கு என்று நம்பர் தகட்டைக் கழற்றி வந்து வாகன அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவான். அங்கே அப்படி இருபது பேருடைய கரவன்கள் வரிசையாக நிற்கும். கதவுத் திறப்புகள் எல்லாம் ஒட்வாரின் பிஸ்கட் தகரப் பேணிக்குள் இருக்கும்.

2006 ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலையில் அதை எடுத்துவர என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஒட்வார் எங்களுக்குக் கை காட்டிவிட்டு, உழவு இயந்திரத்தால் கரவனை வெளியே இழுத்து விட்டு, பேணிக்குள் தேடித் திறப்பையும் தந்தார். அலுவலகத்தில் திருப்பி எடுத்துவந்த தகட்டைச் சூசை பூட்டினான். மத்தியானத்துக்கு முன்னமே ஹொல்ம்லியா வாகனத் தரிப்பிடத்தில் வந்து நின்றோம்.

குழப்பம் மெத்தையில் தொடங்கியது. முன்பக்க இருக்கையில் போடுகிற மெத்தை நாலு விரற்கடை நீளமாக இருந்தது. சூசை அமத்திப் பார்த்தான், திருப்பிப் போட்டான், ஏறி இருந்தும் பார்த்தான். அது நடுவில் எழும்பிக்கொண்டு நின்றது. உறையைச் சுடுதண்ணியில் தோய்த்திருப்பாய், அதுதான் சுருங்கிவிட்டது என்று மரியரஞ்சனி ஏசினாள். உறை சுருங்கினால் மெத்தை எப்படி நீளும் என்று நான் கேட்டேன்.

அடுத்தது திரைச்சீலை. ஒரு கொளுக்கி மிஞ்சியது. தண்ணிப் பம்பின் சுவிச்சுக்குச் சூசையின் கை தானாக இடது பக்கம் போனது. அங்கே வெறும் பலகை. சுவிச் வலது பக்கம் இருந்தது. ஆறு வருஷமாக அமத்திய சுவிச்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கட்டிலடிக்குப் போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். செபமாலை தொங்கவிட ஒரு கொளுக்கி அடித்திருந்தானாம், அதைக் காணவில்லை. கொளுக்கி விழுந்தால் துளையாவது இருக்க வேண்டுமே, துளையும் இல்லை. மரியரஞ்சனியைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்தாள். அது வீட்டு அறையில் அடித்ததாக்கும் என்றாள், பிறகு இல்லை இஞ்சைதான் என்றாள், கடைசியில் தனக்கும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

சூசை கரவன் படியில் இருந்தான். கழுவக் கொண்டுவந்த வாளிச் சுடுதண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நேரம் போகிறது, எழும்பு என்று அதட்டினேன். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"மச்சான், எனக்குத் தொடங்கிட்டுது."

என்ன என்று கேட்டேன்.

"மறதி. இப்பிடித்தான் தொடங்கும். இது என்ரை அறை இல்லை, ஆரோ சாமானை இடம் மாத்திப்போட்டினம் எண்டுதான் எல்லாரும் முதல்ல சொல்லுவினம். பதினாலு வருசமா நான் கேக்கிறன்."

போன மாதம் இரண்டு தரம் அடுப்பில் பால் வைத்து மறந்தானாம். வேலையில் கூட நிற்கிற பெண்ணின் பெயர் ஒருநாள் முழுக்க வாயில் வரவில்லையாம். வியாழக்கிழமை டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறான், மரியரஞ்சனிக்குத் தெரியாது. பயத்தில் தன் இல்லத்தில் நோயாளிகளுக்கு வைக்கிற சோதனையை வீட்டுக் குளியலறைக்குள் இருந்து தனக்குத் தானே வைத்தும் பார்த்திருக்கிறான். சட்டைப் பையிலிருந்து கடித உறை ஒன்றை எடுத்து நீட்டினான். பின்பக்கத்தில் ஒரு மணிக்கூடு வரைந்திருந்தது. சோதனையில் கேட்கிறபடி பதினொன்று பத்து காட்டியது. சரியாகத்தான் இருந்தது. ஆனால் நீ பார்த்துச் சொல்லு, நான் பார்த்தால் எனக்குச் சரியாய்த்தானே தெரியும் என்றான்.

ஆறுதல் சொல்லத் தெரியாதவன் நான், பதிலுக்கு ஏசத்தான் வரும். ஐம்பத்தாறு வயதில் பால் பொங்குகிறது எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று கத்தினேன். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை. நானும் எத்தனை தரம் அந்தக் கரவனடியில் தேத்தண்ணி குடித்தவன். மெத்தை எந்தப் பக்கம், சுவிச் எந்தப் பக்கம் என்று எனக்கு மட்டும் தெரிந்ததா? மெத்தையை மறக்கலாம், மெத்தை எப்படி நீளும்? இவனுக்கு மறதி என்றால் மெத்தைக்கு என்ன வந்தது?

ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வந்த பிறகு மறுபடி போனேன். அவன் ஜன்னல் துடைத்துக்கொண்டு நின்றான். சும்மா நிற்க விசராக இருந்தது. முன்பக்க இரும்புச் சட்டத்துக்குக் கிறீஸ் பூசுவோம் என்று குந்தி, பழந்துணியால் ஊத்தையைத் துடைத்தேன். இரும்பில் வெட்டிய செசி நம்பர், வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது, தெரிந்தது. சூசையின் கரவனுக்குரிய பதிவு அட்டை காரின் முன்கண்ணாடியடியில் கிடந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசி நாலு இலக்கமும் வேறு. கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன்.

"சூசை, இது உன்ரை கரவன் இல்லையடா."

அவன் வந்து பார்த்தான். விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தடவினான். அதே கம்பனி, அதே வெள்ளை, அதே நீலக் கோடு, ஒரு வருஷம் பிந்தியது, இருக்கை கொஞ்சம் குட்டை. உள்ளே துரும்பும் இல்லை, வெளியே தகடும் இல்லை, திறப்பையும் ஒட்வாரே தந்தார். நாங்கள் ஏன் சந்தேகப்படப் போகிறோம்? யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கரவனை ஒன்றரை நாளாகக் கழுவித் துடைத்திருக்கிறோம்.

சூசை தரையில் குந்தி இருந்து அழுதான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. மரியரஞ்சனி ஓடிவந்து என்ன நடந்தது என்று என்னைக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வியாழக்கிழமையையும் சேர்த்து. அவள் அவனுடைய தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, அந்தத் தலையையே தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷத்தில் யாரையாவது ஏச வேண்டும்போல் இருந்தது. ஒட்வாரை ஏசுவதென்று முடிவெடுத்தேன்.

பின்னேரமே கரவனைக் கொழுவிக்கொண்டு போனோம். கார் முற்றத்தில் ஏறியதும் ஒட்வார் சிரித்த முகத்தோடு வந்தார். எங்கள் பின்னால் நின்ற கரவனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இந்த முறை நேரத்தோடு வந்துவிட்டீர்கள். நல்லது. பனி கொட்டத் தொடங்கினால் உள்ளே விடுவது கஷ்டம்."

நான் வாயைத் திறந்தேன். சூசை என் கையைப் பிடித்தான். வேலியோரம் முழுக்க வசந்தத்து மஞ்சள் பூ. ஒட்வார் கொட்டில் கதவைத் திறந்துகொண்டே, போன கோடை எப்படிப் போனது, தூரம் எங்கேயும் போனீர்களா என்று கேட்டார். ஜேர்மனியில் மாதா பெருநாளுக்குப் போய்வந்தோம் என்று சூசை சொன்னான். அது போன வருஷக் கதை, பொய்யில்லை. இப்போது என்ன மாதம் என்று மெதுவாகக் கேட்டான். கிழவர் நின்று யோசித்தார். மணிக்கூடு கட்டாத வெறுங்கையைப் பார்த்தார். பிறகு, அது தன் மனைவிக்குத்தான் தெரியும், உள்ளே போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மனைவி செத்து மூன்று வருஷம். சூசையே அந்த மனுசியின் செத்தவீட்டுக்குப் போய்வந்தவன்.

நான் ஏச வந்ததை விட்டுவிட்டு, கரவனைக் காரிலிருந்து கழற்றப் போனேன்.

சூசை தன்னுடைய தகட்டை அதிலிருந்து கழற்றினான். அவனுடைய கரவன் வரிசையின் கடைசியில் நின்றது, செபமாலைக் கொளுக்கியோடு. அதை எடுக்க அவசரப்படவில்லை. கிழவரைக் கையில் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போய் இருத்தி, கோப்பி போட்டுக் கொடுத்து, பாண் வெட்டிக் கொடுத்தான். சுவரில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து மகளுக்கு ரெலிபோன் எடுத்தான். அவள் வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே இருந்து, குளிர்காலத்தைப் பற்றி அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

திரும்பி வரும்போது சொந்தக் கரவன் பின்னால் ஆடாமல் வந்தது. நான்தான் ஓட்டினேன். பிழைத்துவிட்டாய், இனியாவது சந்தோஷமாக இரு என்றேன்.

அவன் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலமை பூசையிலை மாதாவிட்டைக் கேட்டனான் மச்சான். எனக்கு வேண்டாம், இதை வேறை ஆருக்காவது குடு எண்டு."

பஸ்காரன் நான், எந்த வளைவையும் பார்த்து எடுக்கத் தெரியும். ஹொல்ம்லியாவுக்குத் திரும்புகிற வளைவை விட்டுவிட்டு நேரே போய்விட்டேன்.