நாடாவில் என் குரல்

இப்போது கைபேசியில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறதாம், எழுதியதைத் திருத்தியும் தருகிறதாம். வீட்டில் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். நான் மட்டும் அதன் பக்கத்தில் வாயைத் திறப்பதே இல்லை. பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எந்த மிஷினையும் நான் நம்பமாட்டேன். காரணம் என் வீட்டுக்காரர்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் இருந்தோம். அவர் மில் ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் நண்பர்கள் நடத்திய நாடக மன்றத்துக்கு வருஷம் ஒரு நாடகம் எழுதிக் கொடுப்பார், அம்மன் கோயில் திருவிழாவில் அது மேடையேறும். அந்த வருஷம் பினாங்கிலிருந்து வந்த ஒரு நண்பர் டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தூக்க முடியாத கனம். மேலே இரண்டு நாடாச் சுருள்கள், முன்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பேசியது பதிவாகும். அதே இடத்தில் மறுபடி அழுத்திப் பேசினால் பழையது அழிந்து புதியது ஏறும். இவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆண் குரல், பெண் குரல் இரண்டிலும் தானே பேசுவார், திரும்பப் போட்டுக் கேட்பார், பிடிக்காததை அழித்து வேறு மாதிரி பேசுவார். மனசுக்குச் சரியென்று பட்ட பிறகுதான் அது காகிதத்துக்கு வரும்.

என்னிடம் பேசத்தான் அவருக்கு வாய் வராது. நான் ஒன்று கேட்டால் சுவரைப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சுவரோடுதான் எனக்குக் குடித்தனம். எங்கள் வீடுகளில் கல்யாணம் முடிந்ததும் மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பு தனி. எனக்கு அடுத்த அடுப்பு மூத்த ஓரகத்தியுடையது. நடுவில் ஒரு தடுப்பு மட்டும். நான் கேட்பதும், அவர் பதில் சொல்லாததும் அந்தப் பக்கத்தில் தெளிவாகக் கேட்கும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், "என்ன சொன்னே? இன்னொருக்காச் சொல்லு" என்றார். மிளகாய் வற்றல் வாங்கி வரச் சொன்னதை மறந்துவிட்டாரே என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். மறுநாளும் அதே கதை. சண்டை என்றால் எழுந்து போகிற மனிதர், இப்போது கிட்டத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கோபப்படக் கோபப்பட அவர் முகம் தெளிந்தது. மடியில் ஒரு துண்டு, துண்டுக்கடியில் ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு வயர் அறைக்குள் போனது. என்னவென்று கேட்டால் சுவரைப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அடி ஆத்தீ, நீ இங்குட்டா நிக்கிறே?"

"பின்னே எங்குட்டு நிக்கணும் ஆச்சி?"

"உன் குரலு உங்க அறையில கேக்குதே! 'இந்த வீட்டுல எனக்குன்னு யாரு இருக்கா'ன்னு அழுகுறே. நான் பதறிப்போயி வந்தா, நீ சேலையப் பிழியுறே!"

எல்லாம் விளங்கிவிட்டது. துண்டுக்கடியில் இருந்தது மைக். என் வயிற்றெரிச்சலைத் திருடி நாடகம் எழுதுகிறார். தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர்தான் மன்றத்தில் எப்போதும் பெண் வேஷம். அவர் சேலை கட்டிக்கொண்டு என் பேச்சைப் பேசப் போகிறார். முன்வரிசையில் மாமியார் இருப்பார், ஓரகத்தி இருப்பார், ஊரே இருக்கும். அதற்கப்புறம் நான் எந்த முகத்தோடு கடைத்தெருவில் நடப்பது?

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் கதவைச் சாத்தினேன். பொத்தான்களை அவர் அழுத்துவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகியிருந்தது. என் குரல் வருகிற இடத்தையெல்லாம் அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். சுருள் சுற்றியது. என் குரல் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரிக் கீச்சென்று வந்தது: "இந்த வீட்டுல எனக்குன்னு யாரு இருக்கா?" கை சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அதற்குள் அவர் குரல்.

"எனக்கு மட்டும் உன்னை விட்டா யாரு இருக்கா?"

முதலில் ராஜா வேஷக்காரர் மாதிரி உரக்கச் சொன்னார். பிறகு தணிந்து ஒருமுறை. இன்னொருமுறை. கடைசியில் எந்த வேஷமும் இல்லாமல், அவருடைய சொந்தக் குரலில். நான் கேட்டிருந்த எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது, மிளகாய் வற்றலுக்குக்கூட: "மறந்துட்டேன். உன் கோபத்தப் பாத்த பயத்துல, மறந்துட்டேன்னு சொல்றதையும் மறந்துட்டேன்."

அழுதேன். அழுது முடித்ததும் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பதில் எனக்கா, தபால் ஆபீஸ்காரருக்கா? இவ்வளவு பேசத் தெரிந்தவருக்கு என்னிடம் மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது? கோபம் புதிதாக ஏறியது. என் குரலைத் தொடவில்லை, ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். 'உன்னை விட்டா யாரு இருக்கா' என்று அவர் சொன்ன இடத்துக்குச் சுருளைக் கொண்டுவந்து, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்தேன். வெளியே ஒரு காக்கை கத்தியது. பச்சை விளக்கு துடித்தது.

சாயங்காலம் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"மிஷினத் தொட்டியா?"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

"ஒரு வசனம் போச்சு. அந்த இடத்துல காக்கா கத்துது."

"என்ன வசனம்?"

சுவரைப் பார்த்தார்.

"மறந்து போச்சா? கேள்வியக் கேட்டா ஞாபகம் வந்துரும். நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க" என்றேன். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரியவில்லை. அவர் துண்டை வாங்கி உதறினேன். ஒன்றும் விழவில்லை. பிறகுதான் கேட்டேன், "இந்த வீட்டுல எனக்குன்னு யாரு இருக்கா?"

வழக்கமாக இந்நேரம் அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து அவர் என்னைப் பார்த்துப் பேசினார். நாடாவில் இருந்த வசனம் இல்லை. அது நறுக்கென்று இருந்தது, இது திக்கித் திணறி வந்தது. என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதமாட்டேன். எங்கள் பேச்சு ஊருக்குப் போனது ஒருமுறை போதும்.

திருவிழாவில் நாடகம் நடந்தது. தபால் ஆபீஸ்காரர் தலைவிரிகோலமாக நின்று என் கேள்வியைக் கேட்டார். மேடைப் புருஷன் சுவர்ப் படுதாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதில் வரவே இல்லை. அழிந்துபோன வசனத்தை இவர் எழுதவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரகத்தி என் காதருகே குனிந்தார். "அங்குட்டுக்கூட வாயத் தொறக்க மாட்டேங்குறாகளே, பாவம்டி நீ."

நான் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினேன். அழுகிறேன் என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.