வயலின் நின்ற இடம்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், இடையில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் முதலில் எழும்பிப் போகிற ஆள் நான். ஆரையம்பதியில் கல்யாண வீடு, சாவீடு என்று வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, இசை போட்டுக் கொடுப்பது என் தொழில். மனிதரை அழவைப்பது எப்படி என்பது எனக்கு அத்துப்படி. ஏதாவது ஒரு படத்தின் பின்னணி இசையை எடுங்கள், பாட்டு வேண்டாம், வெறும் இசை. முதலில் ஒற்றைப் புல்லாங்குழல், பிறகு அடியில் செல்லோ மெல்ல வரும், அப்புறம் நாற்பது ஐம்பது வயலின் ஒன்றாக எழும்பும். அந்த இடத்தில் ஒரு பிள்ளையின் முகத்தை வைத்தால் போதும், எந்தக் கல்நெஞ்சக்காரனும் மூக்கை உறிஞ்சுவான். இதில் ஆவியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, எல்லாம் வயலின் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் சாவீட்டை வீடியோ எடுப்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக. வர முடியாத பிள்ளைகள் அங்கிருந்தாவது பார்த்து அழட்டும் என்றுதான். ஒப்பாரியை அப்படியே விட்டால் பத்துக் குரல் ஒன்றோடொன்று மோதி இரைச்சலாகிவிடும். அதனால் அந்தச் சத்தத்தை அடைத்துவிட்டு மேலே இசையைப் போட்டுவிடுவேன். நான் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் அப்படித்தான்.

போன வருடம் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், வாவியில் இறால் பிடிக்கிற மாமா ஒருவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் சுகி, சுவிஸில் இருக்கிறாள். அங்கே தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று மாமா ஆறு வருடம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய அகதி வழக்கு முடியவில்லை, நாட்டை விட்டு வெளிக்கிட வழியில்லை. செத்தவீட்டன்று போனில் நேரடியாகக் காட்டப் பார்த்தோம், அதுவும் அறுந்து அறுந்து போனது. பின்னேரம் எனக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணன், அப்பாட முகத்த வடிவாக் காட்டுங்க. என்னில கோவத்தோடயே போயிட்டாரு, என்ன?”

 வீடியோவைக் கெதியாக அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் அழவேயில்லை. குரல் காய்ந்துபோய் இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் நல்ல மத்தியானம், சோறு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்து வேலையை முடித்தேன். மாமாவின் பெண்சாதி, மாமி, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற இடத்துக்கென்று என்னிடமிருந்த மிகச் சிறந்த வயலின் துண்டை வைத்தேன், சுகி இதில் கட்டாயம் அழுவாள் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் அந்த இடம் வந்ததும் இசை நின்றுவிட்டது. ஒரு பெண் குரல் மட்டும் தனியாக அழுகிறது, மாமியின் குரல்.

கைத்தவறு என்று நினைத்துத் திரும்பச் செய்தேன். மறுபடியும் அப்படியே. வேறு இசையை மாற்றிப் பார்த்தேன், அதுவும் அதே இடத்தில் நின்றது. கம்ப்யூட்டர் திரையில் வயலின் கோடு முழுதாக ஓடுகிறது, காதுக்குத்தான் இல்லை. நம்பினால் நம்புங்கள். மூன்றாம் தடவைதான் அந்த அழுகையில் என்ன இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டேன்.

“ஆரிட்டயோ நம்பர் வாங்கி ஒளிச்சு வச்ச ராசாவே,
நாளைக்கெடுப்பன் நாளைக்கெடுப்பன் எண்டு நாளெல்லாம் போச்சுதே,
என்ட புள்ளையோட ஒரு சொல்லுக் கதைக்காமப் போனீரே.”

 இதையா வயலின் போட்டு மூடப் பார்த்தேன் என்று என் மேலேயே எரிச்சல். இசை இல்லாமல் கிடக்கட்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டேன். இரண்டு மணித்தியாலம் கழித்துச் சுகி எடுத்தாள். அழுதாள், வாய்விட்டு, மூச்சு முட்ட அழுதாள். “என்னோட கதைக்க நினைச்சிரிக்காரு அண்ணன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முப்பத்தோராம் நாள் கிரியையன்று அதே வீடியோவைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு டிவியில் போட்டோம். அந்த இடம் வந்தது. வயலின் நிற்கவில்லை. ஒரு குறையும் இல்லாமல் முழுதாக வாசித்து முடிந்தது, அழுகை இல்லவே இல்லை. நான் பதறிப்போய், நம்பர் ஒளித்து வைத்ததைச் சொல்லி அழுதீர்களே மாமி, அது எங்கே என்று கேட்டேன்.

“நான் அப்பிடி அழல்ல மனே. என்ன நம்பர்? எனக்கு ஒண்டும் தெரியா. அங்க பாரு, வாயில சீலையக் கடிச்சிக்கிட்டு நிக்கிறன், எங்க பாடின நான்?”

பார்த்தேன். சீலைத் தலைப்பு பல்லுக்குள் இருந்தது. அத்தனை தடவை பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை.

மாமாவின் பழைய போன் அலுமாரிக்குள் கிடந்தது. மாமிக்கு எழுத்துத் தெரியாது, வேறு யாரும் தொடவுமில்லை. சார்ஜ் போட்டுத் திறந்து பார்த்தேன். “மகள்” என்று ஒரு சுவிஸ் நம்பர் இருந்தது. அந்த நம்பருக்கு ஒரு தடவைகூட எடுக்கவில்லை. என் போனில் பார்த்தேன், சுகியின் நம்பர்தான். என் போனிலிருந்தே எடுத்து மாமியிடம் கொடுத்தேன். தாயும் மகளும் அழுதார்கள், நான் வெளியே வந்து வேலியோரம் நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் கமெராவில் எடுத்ததை வெட்டாமல் ஒட்டாமல் கேட்டேன். பறைச் சத்தமும் சனத்தின் இரைச்சலும்தான், அந்தப் பாட்டு எங்குமே இல்லை. ஆனால் சுகியின் போனில் அது இருக்கிறது, போன கிழமை கதைக்கும்போதும் எனக்குப் போட்டுக் கேட்கவைத்தாள். அம்மா என்ன வடிவாக அழுதிருக்கிறா என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். மாமியின் வாய் மூடியிருந்ததை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.