டாங்கிக்குக் கீழே

எனக்கு எண்பத்திரண்டு வயசு. ஆறு பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கினவ. பேரன் பழைய காருக்கு அடியில படுத்துகினு பெட்ரோல் டாங்கி மாட்டுறான். அந்த வாசனை வந்ததும் நோட்டை எடுத்து இதை எழுத ஆரம்பிச்சுட்டேன்.

பத்து வயசுல, ராயபுரத்துல, மெக்கானிக்கா இருந்த என் நைனாவுக்காக இதே மாதிரி காருக்கடியில டாங்கியைத் தாங்கிப் பிடிச்சிருந்தேன். மிச்சமிருந்த பெட்ரோல் பாவாடையில சொட்டிச்சு. கார் மொதலாளி சுருட்டோட வந்து நின்னார். எனக்கு அவர் ஷூவும் உதிர்ற நெருப்பும்தான் தெரிஞ்சுது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மொதலாளி, கொழந்த கீழ கீது"ன்னார் நைனா.

"எனக்கே புத்தி சொல்றியாடா?"

கையை விட்டா டாங்கி நெஞ்சுல விழும். நைனா அவரைப் பிடிச்சுத் தெருவுல தள்ளினார். அன்னிக்கே நைனாவுக்கு வேலை போச்சு. நான் பொழச்சேன்.

டேய் கண்ணு, வெளிய வா. எனக்குப் பயம்லாம் இல்ல. நான் நோட்டுல எழுதினதை ஒருதபா படிச்சுக் காட்டு, அவ்ளோதான்.