பத்தே நிமிஷம்

“வெலிங்டன்ல நான் பாத்துக் குடுக்கிற ஹோட்டல்லேர்ந்து எந்த வாசலுக்கும் பத்தே நிமிஷ நடை. ஒரு நிமிஷம் கூடினா என் காலை வெட்டிப் போடு!”

டூகல் மெக்ரே இந்தச் சபதத்தைச் செய்த இடம் அந்த நியூசிலாந்துத் தலைநகரின் கியூபா தெருவில் ஒரு மதுக்கடை. சாட்சிகள் மூவர், மூவரும் அரைப்போதை. ஆனாலும் சபதம் சபதம்தான். முப்பத்தெட்டு வருஷம் தபால் சுமந்த கால்கள் செய்த சபதம்.

ஓய்வு பெற்றதும், ஊருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஹோட்டல் தேர்ந்து கொடுப்பதைத் தவமாக மேற்கொண்டார். ஹோட்டல் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், துறைமுகத்துக்கு விறுவிறுவென நடப்பார், திரும்பி வந்து நீல நோட்டில் நிமிஷத்தை எழுதுவார். வரவேற்பறையில் வாசனை தூக்கலாக இருந்தால் தள்ளுபடி. விளக்கு சுவிட்சைக் கண்டுபிடிக்க ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தால் அது ‘பூட்டிக்’ என்கிற நாகரிக ஹோட்டல். வந்த ஆளும் தேடினால் உயர்தர பூட்டிக் ஹோட்டல். நிமிஷங்கள் நிறைந்த அந்த நோட்டில் மேடு என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் கிடையாது. தபால்காரன் காலுக்கு மேடேது, பள்ளமேது?

தெற்கே கோர் ஊரிலிருந்து அக்கா நோலீன் வருவதாகப் போன் செய்தபோது, நோட்டிலேயே உசத்தியான பெல்ஹேவனில் அறை போட்டார். பதினோரு வருஷம் பேச்சில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு, “பத்து நிமிஷம்தானே, கார் எதுக்கு?” என்று நடந்தே போய், பெட்டி குழிக்குள் இறங்கிய பிறகு போய்ச் சேர்ந்தவர் அவர். “இனிமே உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்” என்று ஊர் முன்னால் சொன்னவள் அக்கா.

“குளிக்கிற தொட்டி படகு மாதிரி இருக்கும், நோலி. அங்கேர்ந்து நம்ம வீடு ரோட்டுக்கு மேலதான். பத்தே நிமிஷம்.”

“படகு ஓட்டவா வரேன்? உன் மூஞ்சியப் பாக்க வரேன்டா, டூகி. நீ கீழ வந்து கூட்டிட்டுப் போனா கிரீடம் விழுந்துடுமோ?”

“படி ஏற மாட்டேன்னது நீதானே? நீயே ஏறி வா.”

“சரி, ஏறித் தொலைக்கிறேன்.”

கோர் தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். அங்கே ‘ரோட்டுக்கு மேல’ என்றால் அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி. ‘படி’ என்றால் வாசலில் ஒன்றோ இரண்டோ. சண்டைக்குப் பிறகு டூகல் குடிபோன விக்டோரியா குன்று வீட்டுக்கு நூற்று எண்பத்தேழு படி. இது அவளுக்குத் தெரியாது. அவளுடைய இடுப்பு எலும்பு தேய்ந்த கதை அவருக்குத் தெரியாது. வலியைப் போனில் சொல்லும் வழக்கம் தெற்கத்தியாருக்கு இல்லை.

சனிக்கிழமை பகல் முழுக்கக் கெட்டில் கொதித்து ஆறி, கொதித்து ஆறியது. அவள் வரவில்லை. ‘வீம்பு’ என்றார் டூகல். மறுநாள் அவள் விமானமேறிவிட்டாள். குளிர்காலத்தில் அவளுடைய சாவுச் செய்தி வந்தது. என் படி ஏறாதவள் ஊருக்கு நான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று ஒரு இரங்கல் அட்டை அனுப்பி முடித்துக்கொண்டார்.

வசந்தத்தில் வேறு யாருக்கோ அறை பார்க்க பெல்ஹேவனுக்குப் போனார். வரவேற்பில் இருந்த சமோவாப் பெண் சினா முகம் மலர்ந்தாள்.

“அங்கிள்! அக்கா எப்படி இருக்காங்க? அவங்க குடுத்த சீஸ் ரோல் இன்னும் நாக்குலயே நிக்குது.”

“சீஸ் ரோலா?”

ரொட்டிக்குள் சீஸைச் சுருட்டிச் சுடும் அந்தப் பண்டத்தைத் தெற்கத்தியார் கோபம் தீராத வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார்கள். அது டூகலுக்குத் தெரியும்.

“உங்களுக்குன்னு ஒரு டஜன் ஊர்லேர்ந்தே கொண்டாந்தாங்க அங்கிள். தடி ஊனிப் பாதிப் படி வரைக்கும் ஏறி, பெஞ்சுல உக்காந்துட்டுத் திரும்பிட்டாங்க. உங்களைக் கூப்பிடட்டுமான்னேன். ‘வேணாம்டி, பத்து நிமிஷம்னு பெருமையாச் சொன்னான், பாவம், சங்கடப்படுவான். நீங்கள்ளாம் சாப்பிடுங்க’ன்னாங்க... நீங்க அப்புறம் பேசியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

டூகல் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். நடந்தார். இம்முறை விறுவிறுவென இல்லை. ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்த படி. சில்லென்ற தெற்குக் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. பாதிப் படியில் அந்தப் பெஞ்சு வந்தது. உட்கார்ந்து நீல நோட்டை எடுத்தார்.

பெல்ஹேவன் பக்கத்தில் இருந்த ‘10’ஐ அடித்துவிட்டு எழுதினார்: ‘41. இன்னும் வீடு வரவில்லை.’