மண்ணெண்ணெய் டின்களுக்கு நடுவே ஒரு பீடி

இன்று காலை கிள்ளான் ரயில்வே சரக்குக் கொட்டகையே எரிந்து போயிருக்கும்.

போன வாரம் வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டார். வளாகத்தில் யாரும் எங்கேயும் புகைக்கக் கூடாது, பிடிபட்டால் வேலை போகும். அதுவரை மூட்டை தூக்கும் மாரிமுத்து அண்ணன் வெளியே மரத்தடியில்தான் பீடி பிடிப்பார். இன்று உள்ளே, மண்ணெண்ணெய் டின்களுக்கு நடுவே ஒளிந்து பிடித்தார்.

கணக்கெழுதும் கிராணியான நான் வருவதைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அங்கே ஒரு டின் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கையை முன்னால கொண்டாங்க."

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

"பரவால்ல, என் முன்னாலயே குடிங்க."

"உங்க முன்னாலயா? அது தப்புங்க." கை இன்னும் பின்னால் போனது.

வேறு வழி தெரியாமல் நான் திரும்பி நின்றுகொண்டேன். "நான் பாக்கல. அப்படியே வெளிய போயிடுங்க."

அவர் காலடி வாசலைத் தாண்டும்வரை திரும்பவில்லை.

அப்புறம் பதற்றம் தணியட்டும் என்று ஒரு சிகரெட்டை வாயில் வைத்து, தீப்பெட்டியையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது.

இந்த உத்தரவு நல்லதா, கெட்டதா? வாசகசாலைப் பலகையில் இதற்குக் கீழேயே எழுதுங்கள். துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.