ஓரிரு இடங்களில் மழை

நாளை மழை பெய்யுமா என்று ஸ்பானிஷில் கேட்டால், பெய்யும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. வாசுதேவனுக்கு மட்டும் முடியாது. வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பு எழுதி எழுதியே ஓய்வு பெற்றவர். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று எழுதிப் பழகிய கை. மொட்டை மாடியில் வடாம் காயப்போடலாமா என்று மனைவி கேட்டால்கூட, "வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்" என்பார். அந்த அம்மாள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இவர் மகன் மெக்சிகோ பெண்ணைக் கட்டிக்கொண்டான். சம்பந்தி வீட்டாரோடு போனில் நாலு வார்த்தை பேசவேண்டுமே என்று புனேயில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தார். வந்து விடிந்தது கிரிஜாவின் தலையில்.

கிரிஜா கோயம்புத்தூர்க்காரி. ஐ.டி. கம்பெனியில் வேலை. கணவன் ராம்பிரசாத் போன வருடமே மாட்ரிட் போய்விட்டான். அவளும் அதே ஸ்பானிஷ் வகுப்பில்தான்; அதன் தேர்வில் தேறினால்தான் கம்பெனி அவளையும் அங்கே அனுப்பும். வாய்மொழித் தேர்வு இருவர் இருவராக. ஒருவர் திணறினால் இருவருக்கும் மதிப்பெண் போகும். ஆசிரியை வைஷாலிக்கு நல்லெண்ணம் அதிகம். இரண்டு பேரும் தமிழ், ஒத்தாசையாக இருக்கும் என்று ஜோடி சேர்த்துவிட்டாள். நல்லெண்ணத்தால் கழுத்தை அறுப்பவர்களிடம் சண்டைகூடப் போட முடிவதில்லை.

ஜூலை மாதம். வெளியே கொட்டித் தீர்க்கும். "கே தியெம்போ அரா மன்யானா?" என்று கிரிஜா கேட்பாள். நாளை வானிலை எப்படி இருக்கும்? வாசுதேவன் ஜன்னலைப் பார்ப்பார். பிறகு 'ஓரிரு இடங்களில்' என்பதற்கு அகராதியைப் புரட்டுவார். அதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

"மழை பெய்யும்னு சொல்லித் தொலைங்களேன் சார். பரீட்சைதானுங்க."

"சொல்லிட்டு, பெய்யலேன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"யாருங்க வந்து கேக்கப் போறாங்க?"

"கேப்பாங்க. எத்தனை கல்யாண வீட்டுல நான் திட்டு வாங்கியிருக்கேன், தெரியுமா?"

அந்த அகராதியைப் பிடுங்கி முட்டா ஆற்றில் வீசலாம் போல இருக்கும் அவளுக்கு.

தேர்வன்று அகராதிக்கு அனுமதி இல்லை. கிரிஜா கேள்வியைக் கேட்டாள். வாசுதேவன் வாயைத் திறந்தார், மூடினார். ஜன்னலைப் பார்த்தார். தேர்வாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். மாட்ரிட் கைநழுவிப் போகிறது என்று கிரிஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

"நோ செ," என்றார் வாசுதேவன். எனக்குத் தெரியாது.

பிழையில்லாத ஸ்பானிஷ். தேர்வாளர் சிரித்து, டிக் போட்டு, அடுத்த கேள்விக்குப் போனாள். இருவரும் தேறினார்கள்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா என் உசுரு போயிருக்காதுங்களே, சார்," என்றாள் கிரிஜா, வராந்தாவில். சந்தோஷத்திலும் எரிச்சல் அடங்கவில்லை.

"சர்வீஸ் முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தாம்மா என்னைச் சொல்ல விடலை," என்று வாசுதேவன் குடையை விரித்தார்.

அவளிடம் குடை இல்லை. "மழை இப்ப நிக்குமுங்களா?"

"தெரியாதும்மா," என்றார் அவர், தமிழில், ஆசை தீர.